சம்பளமில்லாத காவல்காரன்

சுவீடன் நாட்டின் தலைநகர் ஸ்டாக்ஹோம். 2013 ஜூன் மாதம். ரோஸ்லாக்ஸ்பானன் என்னும் புறநகர் ரயில் பாதை. நிலையத்தில் வண்டி நிற்கிறது. டிரைவர் இறங்கி நடைமேடையில் நிற்கிறார். ஆள் ஆண்பிள்ளை. மேலே சீருடைச் சட்டை. இடுப்புக்குக் கீழே? பாவாடை!

வேடமா? விளையாட்டா? குடிபோதையா? இல்லை தோழர்களே, வெயில்!

கோடையில் அந்த வண்டியின் உள்ளே வெப்பம் 35 டிகிரி வரை ஏறும். அரைக்கால் சட்டை போட அனுமதியுங்கள் என்றார்கள் தொழிலாளர்கள். கூடாது என்றது கம்பெனி. பெண் ஊழியருக்குப் பாவாடை உண்டு. ஆணுக்கு முழுக்கால் சட்டைதான். "அப்படியா? பாவாடையே போதும்" என்று பத்துப் பன்னிரண்டு ஆண் டிரைவர்கள் பாவாடையை மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டார்கள்.

பார்த்தவர்கள் என்ன செய்தார்கள்? ஊரே திரண்டு வந்து கல்லெறிந்ததா? வண்டியில் ஏற மாட்டோம் என்று பயணிகள் வீட்டுக்குத் திரும்பினார்களா? கிடையாது. ஏற இறங்கப் பார்த்தார்கள். அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். நடைமேடையில் நின்றால் நாலு பேர் பார்க்கத்தான் செய்வார்கள், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று அந்த டிரைவர்களே சொல்லிவிட்டுத் தங்கள் கடமையைப் பார்த்தார்கள்.

கம்பெனி என்ன சொன்னது? பாவாடைதான் வேண்டும் என்று ஓர் ஆண் ஊழியர் விரும்பினால் போட்டுக்கொள்ளலாம், தடுத்தால் அது பாகுபாடு ஆகிவிடும் என்றது. எவ்வளவு பெருந்தன்மை பாருங்கள்! அரைக்கால் சட்டைக்கு இல்லாத நியாயம் பாவாடைக்கு வந்தது. செய்தி உலகெங்கும் பரவியது. பிறகு அதே கம்பெனி அரைக்கால் சட்டைக்கும் இணங்கியது.

இதைப் படித்துச் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும்.

வெட்கம் என்னும் வேலி

கம்பெனி எந்தத் தைரியத்தில் அப்படி ஒரு விதியை வைத்திருந்தது? பெண்ணுக்குப் பாவாடை உண்டு என்று சீருடை விதியில் இருக்கிறதே, ஆணும் அதைக் கேட்டால் என்ன செய்வது என்று ஏன் நிர்வாகம் நினைத்துப் பார்க்கவில்லை? கேட்க மாட்டான் என்ற நம்பிக்கை! வெயிலில் வெந்தாலும் வேகுவான், வியர்வையில் புழுங்கினாலும் புழுங்குவான், பாவாடை மட்டும் கட்ட மாட்டான் என்ற நம்பிக்கை! தெருவில் போகிறவன் சிரிப்பானே என்று பயப்படுவான் என்ற நம்பிக்கை!

ஆக, நிர்வாகத்தின் விதிக்குக் காவல் நின்றது யார்? கண்காணிப்பாளர் அல்ல. தெருவில் போகிறவனின் சிரிப்பு. அவனுக்குச் சம்பளம் இல்லை, சீருடை இல்லை, ஓய்வு இல்லை. இரவு பகலாக முதலாளிக்கு இலவசமாகக் காவல் காக்கிறான். அவன் நம்மைப் போன்ற உழைப்பாளி என்பதுதான் வேதனை.

2017 ஜூனில் இதே கதை பிரெஞ்சு நாட்டில் நடந்தது. நாந்த் நகரப் பேருந்து டிரைவர்கள். அனல் காற்று வீசிய வாரம். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு வெப்பம் 50 டிகிரியை நெருங்குகிறது என்றது தொழிற்சங்கம். அங்கும் ஆணுக்கு அரைக்கால் சட்டை கூடாது; பெண்ணுக்குப் பாவாடை உண்டு. அங்கும் ஆண் டிரைவர்கள் பாவாடை கட்டி ஸ்டியரிங் பிடித்தார்கள். அதே மாதம் இங்கிலாந்தில் எக்சிட்டர் நகரப் பள்ளி ஒன்றில் அரைக்கால் சட்டை மறுக்கப்பட்ட மாணவர்கள், கூட்டமாகப் பாவாடை அணிந்து பள்ளிக்கு வந்தார்கள். பெற்ற பிள்ளைகளுக்கும் வண்டி ஓட்டும் தகப்பன்மார்களுக்கும் ஒரே பாடம் தெரிந்திருக்கிறது!

என்ன பாடம்? ஒருவன் கட்டினால் பைத்தியக்காரன். பத்துப் பேர் கட்டினால் கோரிக்கை!

தனியாக நிற்பவன் கதி என்ன என்பதற்கும் சான்று உண்டு. 2020-ல் ஸ்பெயின் நாட்டில் பில்பாவோ நகரில் ஒரு மாணவன் பாவாடை அணிந்து வகுப்புக்குப் போனான். வகுப்பை விட்டு வெளியேற்றி மனநல ஆலோசகரிடம் அனுப்பினார்கள். துணி மாறினால் புத்தி மாறிவிட்டது என்று தீர்ப்பு! பிறகு என்ன நடந்தது? நாட்டின் பல ஊர்களில் மாணவர்கள் பாவாடை அணிந்து பள்ளிக்கு வந்தார்கள். ஆசிரியர்களில் சிலரும் பாவாடை அணிந்து வகுப்பெடுத்தார்கள். அத்தனை பேரையும் ஆலோசகரிடம் அனுப்ப எந்தப் பள்ளியால் முடியும்?

துணியிலா இருக்கிறது வெட்கம்?

கால் இரண்டையும் பிரித்துத் தைக்காத உடை ஆணுக்கு ஆகாது என்று எந்தச் சாத்திரம் சொல்லிற்று? பர்மியன் லுங்கி கட்டுகிறான், அலுவலகம் போகிறான். பிஜித் தீவில் காவல்துறையின் சீருடையே பாவாடை போன்ற சுலு. ஏதென்ஸ் நகரில் கிரேக்கப் பாராளுமன்றத்தின் முன்னால் காவல் நிற்கும் படைவீரன் 400 மடிப்பு வைத்த வெள்ளைப் பாவாடையோடு நிற்கிறான். வெளியூர்க்காரர்கள் அவன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவனைப் பார்த்து ஏளனம் செய்கிறவன் யார்? கையில் துப்பாக்கி இருக்கிறதே!

ஸ்காட்லாந்தின் கதை இன்னும் சுவையானது. 1745-ல் அந்நாட்டு மலைவாழ் மக்கள் லண்டன் ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தார்கள்; 1746-ல் தோற்கடிக்கப்பட்டார்கள். வென்றவன் என்ன செய்தான்? அந்த ஆண்டே சட்டம் போட்டான். மலைநாட்டு ஆண்கள் கில்ட் என்னும் தங்கள் கட்டம் போட்ட பாவாடையைக் கட்டக்கூடாது. கட்டினால் ஆறு மாதச் சிறை. மறுபடியும் கட்டினால் ஏழாண்டு நாடு கடத்தல். அவனுடைய பட்டாளத்தில் சேர்ந்தால் மட்டும் கட்டிக்கொள்ளலாம்! 36 ஆண்டுகள் கழித்து, 1782-ல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. பிறகு 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னன் எடின்பரோ நகருக்கு விருந்தாடி வந்தபோது என்ன உடுத்தி நின்றான் தெரியுமா? அதே கில்ட்!

ஏழை கட்டினால் குற்றம். சிப்பாய் கட்டினால் சீருடை. அரசன் கட்டினால் அலங்காரம். துணி ஒன்றுதான், தோழர்களே. கட்டியவன் யார் என்று பார்த்தே உலகம் முகத்தை மாற்றிக்கொள்கிறது.

இதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2014-ல் சென்னையில் வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதியையே ஒரு மன்றத்தின் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். தமிழ் மண்ணில் தமிழன் வேட்டிக்குத் தடை! அதே ஆண்டு சட்டமன்றம் கூடிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அன்று நமக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம். பாவாடை கட்டிய நாந்த் நகர டிரைவரைப் பார்க்கும்போது அந்தக் கோபம் எங்கே போயிற்று? ஏன் சிரிப்பு வருகிறது?

ஏறினால் தண்டனை, இறங்கினால் சிரிப்பு

அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லுவோம்.

பெண் கால்சட்டை போட்டால் உலகம் என்ன செய்தது? பாரிஸ் நகரில் 1800-ல் ஒரு போலீஸ் உத்தரவு பிறந்தது. பெண் ஆணுடை உடுத்த விரும்பினால் போலீசிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்! காலப்போக்கில் யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்த அந்த உத்தரவு செல்லாது என்று அரசு முறைப்படி அறிவித்தது 2013-ல்தான். பெண் ஆணுடையைக் கேட்டால் அவள் மேலே ஏறப் பார்க்கிறாள் என்று பொருள். ஏறுகிறவளைத் தடுக்கப் போலீஸ் வேண்டும்.

ஆண் பெண்ணுடையை உடுத்தினால்? அவன் கீழே இறங்குகிறான் என்று பொருள். இறங்குகிறவனைத் தடுக்கப் போலீஸ் எதற்கு? சிரிப்பே போதும்!

பெண் கீழ் என்ற எண்ணம் நெஞ்சின் அடியில் கிடந்தால்தான் பாவாடை கட்டிய ஆணைப் பார்த்துச் சிரிப்பு வரும். பெண்ணும் ஆணும் சமம் என்பவனுக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது? பெண்கள் தலைமுடியைக் கத்தரித்துக்கொள்ளட்டும், லுங்கியும் சட்டையும் போடட்டும் என்றார் பெரியார். ஆணுடை, பெண்ணுடை என்ற வேலியையே பிடுங்கி எறியச் சொன்னார். வேலியின் ஒரு பக்கத்தைப் பிடுங்கிவிட்டு மறுபக்கத்துக்கு நாமே காவல் நிற்கலாமா?

2015 பிப்ரவரியில் துருக்கியில் ஒரு கல்லூரி மாணவி தன் மானத்தைக் காக்கப் போராடியதற்காகக் கொல்லப்பட்டாள். நாடு கொதித்தது. பெண்ணின் உடைதான் குற்றத்துக்குக் காரணம் என்று பேசும் வாய்களுக்குப் பதில் சொல்ல, இஸ்தான்புல் நகரத் தெருவில் ஆண்கள் குட்டைப் பாவாடை கட்டி ஊர்வலம் போனார்கள். அங்கே பாவாடை கண்டனக் கொடியாகப் பறந்தது.

நம் வீட்டுக் கணக்கு

இனி நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். வெளியே இருப்பவனை மட்டும் குறை சொல்லி எழுதுவது எளிது.

2008-ல் அமெரிக்கத் தபால்காரர்கள் சங்கத்தின் மாநாடு பாஸ்டன் நகரில் கூடியது. ஒரு தபால்காரர் தீர்மானம் கொண்டுவந்தார். நாளெல்லாம் நடக்கிறோம், கால்சட்டை தொடையை உரசிப் புண்ணாக்குகிறது, கில்ட் கட்டிக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு அனுமதி கேளுங்கள் என்றார். அதற்காக அரசு தந்த வரிச் சலுகைப் பணத்தைச் செலவழித்துக் கிளைச் சங்கங்கள் பலவற்றுக்குக் கடிதம் போட்டிருந்தார். என்ன ஆயிற்று? தீர்மானம் தோற்றது. தோற்கடித்தது முதலாளி அல்ல. உடன் உழைக்கும் சங்கத் தோழர்கள்! கட்டாயம் கட்டு என்று அவர் யாரையும் கேட்கவில்லை. எனக்கு நோகிறது, எனக்கு விடு என்றார். அந்த நோவு மாநாட்டின் காதில் ஏறவில்லை.

நம் ஆர்ப்பாட்டங்களையும் நினைத்துப் பாருங்கள். மின்சாரம் வரவில்லையா? தண்ணீர் வரவில்லையா? அதிகாரி அசையவில்லையா? உடனே தட்டில் வளையலும் மஞ்சளும் சேலையும் வைத்து ஊர்வலம்! "இதைக் கட்டிக்கொள்" என்று கோஷம்! எந்தக் கட்சி அதைச் செய்யவில்லை? யோசித்தோமா, அந்தச் சேலை யாரை இழிவு செய்கிறது என்று? கடமை தவறிய அதிகாரியை அல்ல. அதே ஊர்வலத்தில், அதே வெயிலில், இடுப்பில் பிள்ளையோடு கொடி பிடித்து வரும் நம் தங்கையை! அவள் கையிலும் வளையல் இருக்கிறது. அவள் உடுத்தியிருப்பதும் சேலைதான். அவள் நாற்று நட்டாள், சித்தாள் வேலை செய்தாள், தறியில் உட்கார்ந்தாள், பஞ்சாலையில் இரவு ஷிப்டு பார்த்தாள். கையாலாகாதவனுக்கு அவளுடைய உடையா அடையாளம்?

நம் ஊர்த் தெருவில் யாராவது வழக்கத்துக்கு மாறாக உடுத்தி நடந்தால் விசிலடிப்பதும், கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புவதும், அந்தச் சம்பளமில்லாத காவல்காரன் வேலைதான். அவன் ஆணாக இருக்கலாம், பெண்ணாக இருக்கலாம், திருநங்கையாக இருக்கலாம். என்ன காரணத்துக்காக உடுத்தினார் என்பது அவருக்குத் தெரியும். நமக்கு எதற்கு அந்த விசாரணை?

பார்ப்பது குற்றமில்லை. புதியதைக் கண்டால் கண் போகும். ஸ்டாக்ஹோம் பயணிகளும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வண்டியில் ஏறினார்கள். அந்த அளவு நாகரிகம் போதும், மலைபோல் நின்ற விதி சரிந்துவிடும்.

ஆகவே தோழர்களே, ஒரு வேண்டுகோள். அடுத்த ஆர்ப்பாட்டத்துக்குத் தட்டி எழுதும்போது, கோஷம் கட்டும்போது, வளையலையும் சேலையையும் கடையிலேயே விட்டுவிடுங்கள். அதிகாரியின் தவறைத் தேதி போட்டு எழுதுங்கள். கணக்குப் போட்டுக் கேளுங்கள். அது போதாதா அவனைத் தலைகுனிய வைக்க?

முதலாளிக்கு ஏவலாட்கள் ஏராளம். சிரிப்பையும் நாம் அவனுக்குக் கடன் கொடுக்க வேண்டாம்.