பள்ளத்தில் தூக்கும் ஸ்டிக்கர்: கடைக்காரர் கைவிரித்தால் என்ன வழி?

ஜன்னல் இல்லாத சரக்கு வேனைப் பக்கவாட்டில் பாருங்கள். கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் அதே அளவுக்குத் தகடு உள்வாங்கியிருக்கும். சறுக்குக் கதவு ஓடுவதற்கு ஒரு நீளப் பள்ளம், கைப்பிடிக்கு ஒரு குழி, அடிப்பக்கம் ஒரு மடிப்பு. கேட்டரிங், பந்தல், பூக்கடை, பள்ளி வேன் என்று மலாக்காவில் நம்மவர்கள் ஓட்டும் வண்டிகளில் கடைப் பெயரும் தொலைபேசி எண்ணும் சாமி படமும் ஏறுவது இந்த மேடுபள்ளத்தின் மேல்தான். ஒட்டிய அன்று எல்லாம் சரியாகத்தான் இருக்கும். சில வாரங்கள் மெர்லிமாவிலோ அலோர் காஜாவிலோ வெயிலில் நின்றபின், பள்ளத்தின் விளிம்பில் ஸ்டிக்கர் கூடாரம்போல் எழும்பிவிடும். அதற்குள் மழைநீர் புகும், தோட்டத்துச் செம்மண் தூசி படியும். பிறகு எவ்வளவு அழுத்தினாலும் பசை பிடிக்காது.

கடைக்குப் போனால் பதில் தயாராக இருக்கும்: “வெயில் அண்ணே, நாங்க என்ன செய்ய முடியும்?”

மலாக்காவில் வெயில் அடிக்கும் என்பது ஸ்டிக்கர் கடைக்காரருக்குத் தெரியாத செய்தியா? பள்ளத்தில் ஸ்டிக்கர் தூக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு: பிலிம் தேர்வு, ஒட்டிய முறை. இரண்டும் கடைக்காரர் கையில் இருப்பவை.

வினைல் பிலிம் இரண்டு வகையாகச் செய்யப்படுகிறது. ஒன்று, பிவிசி குழம்பை உருளைகளுக்கு இடையில் நசுக்கி இழுத்துத் தாளாக்குவது. இதற்குக் காலண்டர்ட் என்று பெயர். இழுத்துச் செய்ததால், சூடு பட்டால் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். மற்றொன்று காஸ்ட் பிலிம். திரவ நிலையிலேயே ஊற்றிப் பரப்பி, அடுப்பில் உலர்த்துவார்கள். யாரும் இழுக்காததால் சுருக்கம் மிகக் குறைவு. சுமார் 50 மைக்ரான் தடிமன்தான், ஆகவே வளைவுக்குள் இணங்கி இறங்கும். காலண்டர்ட் அதைவிடத் தடிமன், விலையோ குறைவு. தட்டையான லோரிப் பெட்டிக்கும் கடைக் கண்ணாடிக்கும் அது தாராளமாகப் போதும். ஆழமான பள்ளத்தில் அதை ஒட்டுவதுதான் தவறு. நல்ல பிலிம் தயாரிப்பாளர்கள், எந்த வகையை எந்தப் பரப்பில் ஒட்டலாம் என்பதைத் தங்கள் விவரத் தாளிலேயே எழுதிவிடுகிறார்கள். கடைக்காரரிடம் அந்தத் தாளைக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம், பணம் உங்களுடையது.

நல்ல பிலிமையும் கெடுத்து ஒட்டலாம். அவசரக்காரர்கள் செய்வது இது: பள்ளத்தின் இரு கரையிலும் பிலிமை ஒட்டிவிட்டு, நடுவே தொங்கும் பகுதியை ஹீட் கன் காட்டி உள்ளே அமுக்குவார்கள். இழுபட்ட பிலிம் உடனே உட்கார்ந்துகொள்ளும், ஆனால் இழுவிசை உள்ளேயே இருக்கும். வண்டி வெயிலில் சூடானதும் பிலிம் தன் பழைய நிலைக்குத் திரும்பி, மூலையிலிருந்து விடுபடும். தெரிந்தவர் பள்ளத்தின் ஆழத்தில் முதலில் பிலிமைப் பிடிக்க வைத்து, அங்கிருந்து கரையை நோக்கி வருவார். ரொம்ப ஆழமென்றால் பள்ளத்துக்கு ஒரு துண்டு, வெளிப்பக்கத்துக்கு ஒரு துண்டு என்று தனித்தனியே ஒட்டி, ஓரத்தில் சிறிது மேற்படிய விடுவார். கடைசியில் இழுபட்ட இடங்களையெல்லாம் மறுபடி சூடாக்குவார். காஸ்ட் பிலிமில் பொதுவாக 90 டிகிரி செல்சியஸுக்கு மேல் போக வேண்டும். அப்போதுதான் பிலிம் தன் பழைய வடிவத்தை மறக்கும். இந்தச் சூட்டைக் கையால் தொட்டு அளக்க முடியாது. கடையில் அகச்சிவப்பு வெப்பமானி இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

கத்தியையும் கவனியுங்கள். பள்ளத்து விளிம்பில் பிலிமை வண்டியின் மேல் வைத்தே அறுத்தால் பெயிண்ட் கீறும். அன்று அது ஸ்டிக்கருக்கு அடியில் மறைந்துவிடும். இரண்டு வருடம் கழித்து ஸ்டிக்கரை உரிக்கும்போது, விளிம்பு நெடுகத் துருக்கோடு தெரியும். கத்தி படாமல் அறுக்க, இழை பதித்த டேப் இருக்கிறது. அதைப் பயன்படுத்துவாரா என்று முன்பே கேட்டு வையுங்கள். மோதி, மறுபெயிண்ட் அடித்த கதவு என்றால் அதையும் நீங்கள் சொல்லிவிட வேண்டும். பட்டறையில் அடித்த பெயிண்ட் உரிக்கும்போது பிலிமோடு சேர்ந்து வரக்கூடும், அந்த நஷ்டத்தைக் கடைக்காரர் தலையில் கட்டுவது நியாயமாகாது.

தமிழ் எழுத்துக்கு வருவோம். எழுத்துகளைத் தனித்தனியாக வெட்டி ஒட்டும் வேலையில் முதலில் உதிர்வது புள்ளிகள்தான். அவ்வளவு சிறிய துண்டைப் பிடித்து வைக்கப் பசைப் பரப்பு போதாது, பள்ளத்து ஓரத்தில் விழுந்த புள்ளி அதைவிடச் சீக்கிரம் போய்விடும். எழுத்து முழுவதையும் ஒரே பிலிம் துண்டில் அச்சிட்டு ஒட்டச் சொல்லுங்கள். கடையில் வடிவமைப்பவருக்குத் தமிழ் தெரியாது என்பதும் இங்கே சகஜம். சில மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். அச்சுக்குப் போகும் முன் வண்டியின் படத்தின் மேலேயே வடிவத்தை வைத்து அனுப்பச் சொல்லி, பள்ளம் எங்கே, எழுத்து எங்கே என்று பார்த்து, வாட்ஸ்அப்பில் ஒப்புதல் கொடுங்கள். அந்தச் செய்தியை அழிக்காதீர்கள், பின்னால் அதுதான் சாட்சி.

இனி ஜே.பி.ஜே. எனும் சாலைப் போக்குவரத்துத் துறை விஷயம். பதிவில் உள்ள வண்டியின் விவரம் மாறினால் தெரிவிக்க வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம். நிறமும் அந்த விவரத்தில் சேர்ந்தது. வெள்ளை வேனின் கதவில் ஒரு பெயரும் படமும் போடுவது வேறு, வண்டி முழுவதையும் கறுப்பு பிலிமால் மூடிவிடுவது வேறு. பின்னதைச் செய்யும் முன் ஜே.பி.ஜே. முகப்பிடத்தில் கேட்டுவிடுங்கள். காப்புறுதி நிறுவனத்திடமும் சொல்லி வைப்பது நல்லது. லோரிப் பக்கத்தில் எழுதியிருக்கும் எடை விவரம், பின்பக்கத்து வேக வரம்பு வில்லை, ஒளி திருப்பும் பட்டை இவற்றின் மேல் பிலிம் ஏறக் கூடாது. கண்ணாடிக்குத் தனி விதி. 2019 மே 8 முதல் முன்கண்ணாடி குறைந்தது 70 விழுக்காடும், முன்பக்க ஜன்னல்கள் 50 விழுக்காடும் ஒளி விட வேண்டும், பின்பக்கத்துக்கு அந்த வரம்பு இல்லை. முருகன் படம் பின்கண்ணாடியில் தாராளமாக இருக்கட்டும். சாலையைப் பார்க்கும் இடத்தில் வேண்டாம். சம்மன் வருவது வண்டிக்காரர் பெயருக்கு, ஒட்டியவர் பெயருக்கல்ல.

வேலை கெட்டுப்போனால்? சொந்தக் காரென்றால் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம். ஒரு சேவையைச் செய்பவர் நியாயமான கவனத்தோடும் திறனோடும் செய்வார் என்ற உத்தரவாதம் அந்தச் சட்டத்தின் 53ஆம் பிரிவில் இருக்கிறது. கடைக்காரர் எழுதிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அது இருக்கும். எந்த நோக்கத்துக்கு என்று நீங்கள் சொன்னீர்களோ அந்த நோக்கத்துக்கு வேலை பொருந்த வேண்டும் என்கிறது அடுத்த பிரிவு. ஆகவே “இந்தப் பள்ளத்தில் ஒட்ட வேண்டும், வண்டி நாள் முழுக்க வெயிலில் நிற்கும்” என்று முன்பே எழுத்தில் சொல்லி வைப்பது வீண்பேச்சாகாது. ரசீதின் அடியில் ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்று அச்சடித்திருந்தாலும் பயப்படாதீர்கள். அப்படி எழுதிச் சட்டத்தின் உத்தரவாதத்திலிருந்து நழுவ முடியாது.

ஆனால் நேராகச் சண்டைக்குப் போகவும் கூடாது. சரிசெய்யக்கூடிய குறையென்றால், நியாயமான காலத்துக்குள் சரிசெய்யும் வாய்ப்பை முதலில் கடைக்காரருக்குத் தர வேண்டும். எழும்பிய இடத்தை அருகில் ஒன்று, முழு வண்டி தெரிய ஒன்று என்று படமெடுத்து, தேதியோடு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். நீங்களே சூப்பர் கம் வைத்து ஒட்டிவிடாதீர்கள், சாட்சியும் போகும், பெயிண்டும் போகும். கடைக்காரர் மறுத்தாலோ இழுத்தடித்தாலோ, வேறு கடையில் சரிசெய்து அந்தச் செலவைக் கேட்கலாம், அல்லது ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம். கத்திக் கீறலால் வந்த பெயிண்ட் செலவையும் சேர்த்துக் கேட்கலாம்.

கேட்கும் இடம் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை, பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுக்குள் பதியலாம், இணையத்திலும் முடியும். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை, கடைக்காரருக்கும்தான். தோட்டத்தில் வளர்ந்து கோர்ட் வாசலையே மிதிக்காதவர்கள்கூட இங்கே தாங்களே பேசலாம். புகார் மட்டும் கொடுப்பதானால் உள்நாட்டு வாணிப அமைச்சின் 1-800-886-800 எண் இருக்கிறது. ஆனால் பணம் திரும்ப வேண்டுமென்றால் நடுவர் மன்றம்தான் வழி. பலர் புகாரோடு நின்றுவிடுகிறார்கள்.

தொழில் வண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. சாதாரணமாகச் சொந்த, வீட்டுத் தேவைக்கு வாங்கப்படும் வகையைச் சேர்ந்த பொருளுக்கும் சேவைக்கும்தான் பயனீட்டாளர் சட்டம் பொருந்தும். கேட்டரிங் லோரியில் கடை விளம்பரம் ஒட்டியது அந்த வரையறைக்குள் வராது என்று கடைக்காரர் வாதாடலாம், வாதம் எடுபடவும் கூடும். அதற்காகக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 5,000 ரிங்கிட் வரையிலான தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை நடைமுறை இருக்கிறது, அங்கும் வழக்கறிஞர் கிடையாது. ஒப்பந்த மீறலுக்கு ஆறு ஆண்டு அவகாசம். அங்கே நீதிபதி முதலில் கேட்பது என்ன ஒப்புக்கொண்டீர்கள் என்பதைத்தான். பிலிமின் பெயர், காஸ்டா காலண்டர்டா, பள்ளத்தை எப்படிச் செய்வது, எத்தனை மாத உத்தரவாதம் என்ற நான்கும் விலைப்பட்டியலில் இருந்தால் உங்கள் பாதி வேலை முடிந்தது. “முழு வேன் ஸ்டிக்கர்” என்று ஒரே வரியில் எழுதிய ரசீதை வாங்கிக்கொண்டு வந்தவர் அங்கே திணறுவார்.

நடுவர் மன்றத்தில் தீர்ப்பு வந்தும் கடைக்காரர் பணம் தரவில்லையா? தீர்ப்பு வந்த 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம், அபராதமோ சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். நீதிமன்ற ஆணையைப் போலவே அதை நிறைவேற்றவும் முடியும். தீர்ப்பின் நகலை அன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.