கொதிகலன் காத்தவரும் பாகூர்ப் பெண்ணும்

பாகூர் ஏரியைப் பற்றி நேயர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். புதுச்சேரிப் பிரதேசத்தில் ஊசுடு ஏரிக்கு அடுத்தபடி பெரியது அதுதான். அந்த ஊருக்கு மற்றொரு பெருமையும் உண்டு. உள்ளூர்க்காரர்களிலேயே பலர் அதை மறந்துவிட்டார்கள். 9-ஆம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்ம பல்லவன் காலத்தில், பாகூரில் இருந்த வித்தியாஸ்தானத்துக்கு 3 கிராமங்கள் தானமாக விடப்பட்டதாகச் செப்பேடு சொல்லுகிறது. ஆகவே படிப்பு என்பது பாகூருக்குப் புதிய சரக்கு அன்று. இந்தக் கட்டுரையின் நாயகி அந்தக் கொம்யூனைச் சேர்ந்த பெண்ணாகையால் இதை முதலில் சொல்லி வைத்தோம்.

அவள் கல்லூரியில் வணிகவியல் படிக்கிறாள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் பெயர் கொடுத்த மாணவர்களை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டுக்கு ஞாயிறுதோறும் அனுப்பினார்கள். மற்றவர்கள் நான்கு வாரத்தில் சான்றிதழுக்கு வேண்டிய மணிகளைக் கணக்குப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். இவள் நிற்கவில்லை. ஒரு ஞாயிறு நாமும் கூடப் போனோம்.

வில்லியனூர், பாகூர் பக்கத்திலிருந்து மட்டுமல்ல, கடலூர், விழுப்புரம் ஜில்லாக்களிலிருந்தும் பஸ் ஏறி வந்த தாய்மார்கள் அங்கே கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். ஓரக் கட்டிலில் ஒரு பையன்; ஐந்து வயது இருக்கலாம். புறங்கையில் ஊசியைக் குத்தி, கை அசையாதபடி அட்டை வைத்துக் கட்டியிருந்தது. மூன்று நாளாக எவரோடும் பேசவில்லையாம். வெள்ளை உடுப்பைக் கண்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வானாம்.

அந்தப் பெண் தன் பையிலிருந்து வில்லியனூர்க் களிமண் குதிரை ஒன்றை எடுத்தாள். தாதியிடம் கேட்டு வாங்கிய துண்டுத் துணியை அதன் காலில் சுற்றினாள். ஊசி கழற்றிய வெறும் சிரிஞ்சைக் கட்டிலில் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தாள். கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. நமக்கே பொறுமை போய்விட்டது. பிறகு, அடிபடாத கை மெதுவாக நீண்டது. சிரிஞ்சை எடுத்துக் குதிரைக்குக் குத்தினான்.

"வலிக்குமான்னு கேக்குதே, என்ன சொல்றது?" என்றாள் அவள்.

"கொஞ்சம் வலிக்கும். அப்புறம் போயிடும்" என்றான் பையன்.

மூன்று நாள் மௌனத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை. அவன் தாயார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. "அழுதால் டாக்டர் ஊசி போட்டுவிடுவார்" என்று சொல்லாத வீடு தமிழ்நாட்டில் உண்டா? நாமும் சொன்னவர்களே. அப்படி வளர்ந்த குழந்தைக்கு நோய் வந்து மெய்யாகவே ஊசி போடும்போது, தான் ஏதோ குற்றம் செய்ததற்குத் தண்டனை என்றுதான் தோன்றும். சிரிஞ்சு தன் கையில் வந்து, தானே வைத்தியனாகும்போது அந்தப் பயம் சற்று இறங்குகிறது. ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைக்குச் சிகிச்சை இரண்டு மூன்று வருஷம் நீள்கிறது. அத்தனை ஊசிகளையும் பயத்தோடு ஏற்பது வேறு, விஷயம் தெரிந்து ஏற்பது வேறு.

இவ்வளவும் உலகத்துக்குப் புரிவதற்கு ஒரு கொதிகலன்காரர் வேண்டியிருந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, வீடிழந்த குழந்தைகளுக்காக லண்டனில் அன்னா பிராய்டு அம்மையார் விடுதிகள் நடத்தினார். அங்கே கொதிகலனைக் காக்கவும் எடுபிடி வேலை செய்யவும் சேர்ந்தவர் ஜேம்ஸ் ராபர்ட்ஸன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அம்மையாருக்கு ஒரு விதி உண்டு: சமையல்காரரானாலும் சரி, குழந்தைகளிடம் கண்டதைச் சீட்டில் எழுதித் தரவேண்டும். கரி அள்ளிய கை எழுதத் தொடங்கியது. எழுத எழுதக் கண் கூர்மையாயிற்று. 1948-ல் அவர் டாவிஸ்டாக் நிலையத்தில் ஜான் பௌல்பியிடம் சேர்ந்து, ஆஸ்பத்திரிக் குழந்தைகளைக் கவனிப்பதையே தொழிலாகக் கொண்டுவிட்டார்.

அக்காலத்து ஆங்கில ஆஸ்பத்திரிகளில் பெற்றோர் குழந்தையைப் பார்க்க வாரத்துக்கு ஓரிரு மணி நேரம் கிடைத்தாலே அதிகம். "குழந்தை இரண்டு நாள் அழும், பிறகு பழகிவிடும்" என்றார்கள் வைத்தியர்கள். ராபர்ட்ஸன் கண்டது வேறு. முதலில் அழுகை, பிறகு சோர்வு, கடைசியில் விலகல்: தாய் வந்தாலும் முகம் கொடாத நிலை. பழகிவிட்டதாக நினைத்த குழந்தை உண்மையில் நம்பிக்கை இழந்த குழந்தை! சொன்னால் நம்பமாட்டார்கள் என்று, இரண்டரை வயதுகூட நிரம்பாத லாரா என்ற சிறுமியின் 8 நாள் ஆஸ்பத்திரி வாசத்தைப் படமெடுத்து 1952-ல் காட்டினார். வைத்தியர்கள் சீறினார்கள். ஆயினும் 1959-ல் சர்க்கார் நியமித்த பிளாட் குழு, பெற்றோருக்குத் தடையில்லாத அனுமதி வேண்டும் என்று பரிந்துரை செய்தது.

ஆங்கிலேயர் அவ்வளவு போராடிப் பெற்றது நம் வார்டில் கட்டிலுக்கடியில் பாய் விரித்துக் கிடக்கிறது. தாதிகள் போதாமையால் வந்த வழக்கம் என்று சிலர் சிரிப்பார்கள், இருக்கட்டுமே! தாய் பக்கத்தில் இருக்கிறாளா இல்லையா? நம்மிடம் இல்லாதது விளையாட்டு. அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்து ஆஸ்பத்திரியில் 1955-ல் எம்மா பிளாங்க் இதை ஒரு வேலையாகவே வகுத்தார். இன்று அங்கே அதற்குப் பட்டப்படிப்பும் தேர்வும் சம்பளமும் உண்டு. நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளிலோ இதற்கென்று ஒரு பதவியைக் காண்பது அரிது. பாகூர்க் கொம்யூனுக்குள்ளேயே பிள்ளையார்குப்பத்தில் ஒன்று, கிருமாம்பாக்கத்தில் ஒன்று என வைத்தியக் கல்லூரிகள் இருக்கின்றன. வித்தியாஸ்தானம் இருந்த பூமியில் இதற்கும் ஒரு சிறு வகுப்பு வைத்தால் என்ன?

புதுச்சேரியிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் இருக்கிறது திண்டிவனம். 1890-களில், நோயுற்ற தாயாருக்குத் துணையாக வந்திருந்த ஐடா ஸ்கடர் என்ற இளம் பெண்ணிடம், ஒரே இரவில் மூன்று பேர் தத்தம் மனைவியின் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஆண் வைத்தியரான அவள் தந்தையை அழைத்துப் போக அவர்கள் சம்மதிக்கவில்லை. விடியும்போது மூன்று பெண்களும் மாண்டிருந்தார்கள். இந்தியாவில் தங்கவே விரும்பாதிருந்த ஐடா வைத்தியம் படித்துத் திரும்பி, வேலூரில் 1902-ல் ஆஸ்பத்திரியும் 1918-ல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளியும் கண்டார். அவருக்கு ஓர் இரவில் வந்தது, ராபர்ட்ஸனுக்குச் சீட்டுச் சீட்டாக வந்தது. பாகூர்ப் பெண்ணுக்கு ஞாயிறு ஞாயிறாக வந்துகொண்டிருக்கிறது.

அன்று திரும்பும்போது பஸ்ஸில் அவள் கேட்டாள்: "இதுக்குன்னு என்ன படிக்கணுங்க?" நாம் தாதிப் படிப்பு என்றோம், மனோதத்துவம் என்றோம். "அதுல எல்லாம் இது ஒரு ஓரமாத்தானே வரும்" என்றாள். நமக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அவள் தகப்பனார் கேட்ட கேள்வி இன்னும் சுருக்கம்: "சம்பளம் யார் கொடுப்பாங்க?" இரண்டு காணி குத்தகை நிலத்தை வைத்துக்கொண்டு மகளைப் படிக்க வைக்கும் மனிதர், அவரைக் குறை கூறமாட்டோம்.

வணிகவியல் முடிந்ததும் தாதிப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போவதாக இப்போதைக்குத் தீர்மானம். தகப்பனார் இன்னும் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. குதிரையைப் பையன் திருப்பித் தரவில்லையாம். அடுத்த வாரத்துக்கு வேறு இரண்டு குதிரையும் ஒரு யானையும் வில்லியனூரில் சொல்லி வைத்திருக்கிறாள்.