களஆய்வுக் குழுவில் கூட்டு மீள்நோக்கு: வடஆற்காட்டு ஆய்வுகளை முன்வைத்து

கீழ்பென்னாத்தூர் 1989வரை வடஆற்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. பசுமைப் புரட்சியின் விளைவை அறிய அம்மாவட்டச் சிற்றூர்களில் 1973–74இல் ஆய்ந்த பி.எச். ஃபார்மர் குழு, புதிய நெல் வகைகளின் பரவல் எதிர்பார்த்ததினும் குறைவு எனக் கண்டது. பத்தாண்டுக்குப்பின் அங்குச் சென்ற பீட்டர் ஹேசல், சி. இராமசாமி குழுவினரோ சிறு உழவரும் பயனடைந்ததைக் கண்டனர். இவர்களது முதலாண்டாகிய 1982–83 வறட்சியாண்டு. மறு ஆண்டும் அளந்திராவிடில் முடிவு திரிந்திருக்கும்.

ஆகவே களத்தில் மாலைதோறும் கூடும் குழு, கண்டதை மட்டுமன்றி, எப்பருவத்தில், யாரிடம் கேட்டது என்பதையும் பேச வேண்டும். இளைய ஆய்வாளரின் மாறுபட்ட கருத்தையும் நாளிட்டுக் குறிப்பேட்டில் பதிதல் நன்று. நெறியாளர் இறுதியிலேயே பேசுக. அவர் முந்திப் பேசிவிட்டால் (நம் துறைகளில் இதுவே வழக்கம்) பிறர் குறிப்பேடுகள் மூடப்பட்டுவிடும்.