உடனடி நகைச்சுவைக்கும் ஓய்வு வேண்டும்

எழுதிய வசனம் இல்லாமல், கொடுத்த சூழலுக்கு அங்கேயே பேசி நடித்துச் சிரிக்க வைப்பது உடனடி நகைச்சுவை. வாய்மொழிப் பயிற்சிக்கு நன்றாகக் கைகொடுக்கும். ஆனால், வாரந்தவறாமல் செய்தால் "டீச்சர், சரக்கு தீர்ந்துபோச்சு!" என்பார்கள். அப்புறம் பக்கத்து மாணவரின் நிறமும் உடம்பும்தான் கேலிப்பொருள். ஆபத்து அங்கேதான்.

தெருக்கூத்தைப் பாருங்கள். ஊர் நடப்பைக் கதைக்குள் இழுத்துச் சிரிக்க வைப்பவர் கட்டியங்காரன். வடதமிழகத்தில் மழைக்காலத்தில் ஆட்டம் குறையும். கலைஞர்கள் பலர் வயல்வேலைக்குப் போவார்கள். அங்கே காதில் விழும் பேச்சு அடுத்த ஆட்டத்துக்கு உதவும்.

இடைவெளியின் நன்மைகள்:

1. பழகிய சிரிப்பு மறக்கும்; புதிது தேட வேண்டிவரும்.
2. பேசியே பழகியவர் கேட்கப் பழகுவார்.
3. கூச்ச சுபாவ மாணவர் தயாராக நேரம் கிடைக்கும்.

இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். மாணவர்கள் தினமும் ஓர் உரையாடலைக் குறித்து வரட்டும்: போர்ட் கிள்ளான் சாப்பாட்டுக் கடை, பூலாவ் கெத்தாம் படகுத்துறை, பேருந்து நிறுத்தம், எதுவானாலும் சரி. ஆள் பெயர் மட்டும் வேண்டாம்.

எஸ்.பி.எம். மாணவர்களே, அந்தக் குறிப்பேட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. கட்டுரையில் உயிருள்ள உரையாடல் எழுத அதுவே கைம்முதல்.