நோயாளியின் அருகே இருப்பவர்

புற்றுநோய் மருத்துவமனை ஒன்றின் நடைபாதையில் காலை வேளையில் நின்று பார்ப்போமானால், உள்ளே கட்டில்களில் படுத்திருப்போரின் உற்றார் சுவரோரமாக வரிசையாய் அமர்ந்திருப்பதைக் காண்போம். ஒரு கையில் வெந்நீர்க் குடுவை, மறு கையில் எக்ஸ்-ரே படங்கள் வைத்த உறை, மடியில் மருந்துச் சீட்டுக் கட்டு. நோயாளியின் நாடித்துடிப்பும் உடல் வெப்பமும் நாள்தோறும் குறிக்கப்படுகின்றன. இவர்களைப் பற்றி எவரும் எதையும் குறித்து வைப்பதில்லை.

நமக்கு அறிமுகமான அம்மையார் ஒருவர், கணவருக்குத் தொண்டையில் புற்று கண்ட நாள்முதல் பதினான்கு மாதங்கள் உடனிருந்து பணிசெய்தார். பங்கிலிருந்து யார் பார்க்கப் போனாலும், "அவருக்கு எப்படி இருக்கிறது?" என்றே கேட்பர். நாமும் அப்படித்தான் கேட்டோம். ஒரு நாள் மாலை, மூக்குக் குழாயில் ஊற்றுவதற்காகக் கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருந்தவர், வாசலில் பால்காரர் மணியடித்த ஓசைக்கே கை நடுங்கிப் பாத்திரத்தை நழுவவிட்டார். "எனக்கு ஒன்றுமில்லை, கை வழுக்கிவிட்டது" என்றார்.

இந்த 'ஒன்றுமில்லை'யை அளந்து பார்க்க வழியுண்டா? உண்டு. இங்கிலாந்தில் சிக்மண்ட், சினெய்த் என்ற மனநல மருத்துவர் இருவர் 1983-ஆம் ஆண்டில் ஒரு வினாத்தாளை வெளியிட்டனர். வினாக்கள் மொத்தம் 14; பதற்றத்தைப் பற்றி 7, மனச்சோர்வைப் பற்றி 7. கடந்த ஒரு வாரத்தில் தாம் இருந்த நிலையை எண்ணி விடை குறிக்க வேண்டும். ஒவ்வொரு விடைக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். ஆகப் பதற்றத்துக்கு 21, சோர்வுக்கு 21. ஒவ்வொன்றிலும் 7 வரை இயல்பான நிலை; 8 முதல் 10 வரை ஐயத்துக்குரியது; 11-ம் அதற்கு மேலும் ஆனால் மருத்துவர் அவசியம் விசாரிக்க வேண்டும். முதலில் நோயாளிகளுக்கென்றே அமைந்த இவ்வினாத்தாள், பின்னர் அவர்களைப் பேணுவோரிடமும் பரவலாகப் பயன்படலாயிற்று.

இதில் ஒரு நுட்பம் உண்டு. உறக்கத்தையும் பசியையும் பற்றி இது கேட்பதே இல்லை. உடல் நோயே உறக்கத்தைக் கெடுக்குமாதலால் அதை மனச்சோர்வின் கணக்கில் சேர்க்கலாகாது என்பது அம்மருத்துவர்களின் எண்ணம். இரவு இரண்டு மணிக்கு எழுந்து மருந்து கொடுக்கும் மனைவிக்கும் இது பொருந்துகிறதன்றோ? அவர் உறங்காததற்குக் காரணம் கடிகாரம். முன்பு மகிழ்ச்சி தந்தவை இன்றும் மகிழ்ச்சி தருகின்றனவா என்ற வினாதான் உள்ளத்தைத் தொடுகிறது.

மொழிபெயர்ப்பில் மட்டும் ஒரு சங்கடம். அச்சத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் வயிற்றுக்குள் வண்ணத்துப்பூச்சி பறப்பதாகச் சொல்வார்கள். வினாத்தாளிலும் அது இடம்பெற்றுள்ளது. அதை அப்படியே தமிழில் கேட்டால் நம் தாய்மார் விழிப்பார்கள். வயிற்றில் புளியைக் கரைக்கிறதா என்று கேட்டால் உடனே தலையசைப்பார்கள்.

பேணுவோருக்கென்றே அமைந்த அளவுகோல்களும் இருக்கின்றன. சாரிட் என்ற அமெரிக்க அறிஞரும் அவர்தம் துணைவரும் 1980-இல், நினைவு தடுமாறிய முதியோரைக் காப்போருக்காக வகுத்த சுமைக் கணக்கு அவற்றுள் ஒன்று. இப்போது வழங்குவது 22 வினாக்கள் கொண்டது. இன்னும் அதிகமாகச் செய்திருக்க வேண்டுமோ என்று உங்களுக்குத் தோன்றுகிறதா என்பதும் அதில் ஒரு வினா. நம் இல்லங்களில் இதற்கு 'இல்லை' என்று விடை கூறுவோர் எத்தனை பேர்!

எந்தத் தாளாயினும், நோயாளியின் கட்டிலருகே நின்று கேட்டால் உண்மை வாராது. தனியே அழைத்து, அமரவைத்துக் கேட்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். ஒருமுறை கேட்டதோடு நிறுத்திவிடவும் கூடாது. நோய் இன்னதென்று தெரிந்த நாளிலும், சிகிச்சை முடிந்த நாளிலும், நோய் திரும்பிய நாளிலும் எண் ஒன்றாகவே இராது. எண் மிகுந்தால் அதுவே நோய் என்று தீர்ப்பிடுவதற்கில்லை. மருத்துவரைக் காணவேண்டும் என்பதற்கு அது அடையாளம். ஆனால், வாழ்ந்தது போதும் என்ற சொல் வாயில் வந்துவிட்டால் எண்ணைக் கூட்டிக்கொண்டிராமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். ஒன்றிய அரசு 2022-இல் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

நாம் சொன்ன அம்மையாரை மருத்துவமனையின் சமூகப் பணியாளர் ஒருவர் தனியறைக்கு அழைத்து அந்த 14 வினாக்களையும் கேட்டார். பதற்றம் 15, சோர்வு 9. கணக்கைப் பார்த்த அம்மையார், "இது அவருடைய கணக்கா?" என்றார். "இல்லையம்மா, உங்களுடையது" என்று கூறவே, வெகுநேரம் அழுதார். மருத்துவர் அவரைப் பார்த்தார். அதன்பின் வாரத்தில் இரண்டு இரவுகள் அவருடைய நாத்தனார் வந்து கணவரருகே படுத்துக்கொண்டார். கஞ்சி வடிக்கும் பணியை மூத்த மகன் ஏற்றான். ஆறு வாரம் கழித்து மீண்டும் கேட்டபோது பதற்றம் 10.