ஐந்நூறாவது யூனிட்

இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடிய வீட்டுக்குக் கரண்ட் பில் 1,805 ரூபாய். 510 ஓடினால் 2,170 ரூபாய் 50 காசு. கூடுதலான பத்தே யூனிட்டுக்கு 365 ரூபாய் 50 காசு. தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் வந்த கட்டணத்தின் சூட்சுமம் இது: 500-ஐத் தாண்டினால் முதல் 100 யூனிட் இலவசம் மட்டும் மிஞ்சும், 101 முதல் 200 வரை 2.35 ரூபாயாக இருந்த யூனிட், 4.80 ஆகிவிடும். கடையநல்லூரில் பழைய ஏசியை மாற்ற நினைப்பவர் கடைக்குப் போகுமுன் போன கோடை பில்லை எடுத்துப் பார்ப்பது நல்லது.

ஏசி இல்லாமல் 230 யூனிட் ஆகும் வீடு என்று வைத்துக்கொள்வோம். கோடையில் இரவுக்கு 8 மணி நேரம், 60 நாள், ஆக 480 மணி. பழைய ஒன்றரை டன் மணிக்குச் சராசரி 1 யூனிட் இழுத்தால் மொத்தம் 710, பில் 4,001.50. புது இன்வெர்ட்டர் 0.55 இழுத்தால் மொத்தம் 494, பில் 1,767.20. மிச்சம் 2,234 ரூபாய்.

ஆனால் ஜூனில் சாரல் இறங்கிவிட்டால் ஏசியைத் தேட மாட்டார்கள். அதே வீட்டின் பில் 376 ரூபாய்க்கு வந்துவிடும். வருடம் முழுக்க ஏசி ஓடும் வளைகுடாவில் பழகியவரின் கணக்கு இங்கே செல்லாது.

ஸ்டாருக்கும் இதே கதைதான். ஸ்டிக்கரில் போட்டிருக்கும் ஆண்டு யூனிட், 1,600 மணி நேரத்துக்கானது. 3 ஸ்டாருக்கும் 5 ஸ்டாருக்கும் அதில் 200 யூனிட் வித்தியாசம் என்றால், நம் நாலு மாதக் கோடையின் 960 மணிக்கு அது 120தான். யூனிட் 9.65 என்றால் வருடத்துக்கு 1,158 ரூபாய். 5 ஸ்டாருக்குக் கூடுதலாகக் கொடுத்த 7,000 திரும்ப ஆறு வருடம். 500 கோட்டை ஒட்டி நிற்கும் வீட்டுக்கு மட்டும் சீக்கிரம் திரும்பும். 2026 ஜனவரியில் ஸ்டார் அளவுகோலை இறுக்கிவிட்டார்கள். பழைய சரக்கின் 5 ஸ்டாரும் புதியதும் ஒன்றல்ல. யூனிட் எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும்.

வரியில் லாபம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. வரிக்கு முன் 30,000 ரூபாய் உள்ள பெட்டி 38,400-லிருந்து 35,400 ஆகிறது.

அந்த 3,000-ஐக் குழாய்க்கு ஒதுக்கிவையுங்கள். பழையது ஆர்-22 கேஸ் என்றால் அதன் காப்பர் பைப்பைப் புது ஆர்-32 பெட்டிக்கு மாட்டக் கூடாது. அழுத்தம் ஏறக்குறைய 1.6 மடங்கு. பெட்டியோடு வருவது பெரும்பாலும் 3 மீட்டர்தான். அவுட்டோர் மொட்டை மாடியில் என்றால், மீட்டருக்கு எவ்வளவு என்று மெக்கானிக் ஏணி போடுமுன்பே கேட்டுவிடுங்கள்.