ஒல்லியானவருக்கும் சுகர் வருவது ஏன்?



"குண்டா இருக்கிறவங்களுக்குத்தான் சுகர் வரும்" என்று நிறைய பேர் சொல்லுகிறோம். எங்க ஆச்சி முருங்கைக்காய் மாதிரி இருப்பாங்க. அவங்களுக்கு சுகர் வந்து பல வருஷம் ஆச்சு. இதற்குப் பதிலில் ஒரு பங்கு நம் கொழுப்பு செல்லுக்குள் இருக்கிறது.

முதலில் ஒன்று. கொழுப்பு செல் கெட்டது இல்லை. அது பத்தாயம் மாதிரி. அறுத்த நெல்லைப் பத்தாயத்தில் போடுவது போல, சாப்பிட்டதில் மிச்சத்தை உடம்பு தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு செல்களில் போட்டு வைக்கும். பத்தாயம் நிறைந்து போனால் என்ன செய்ய? நெல் திண்ணையிலும் அடுக்களையிலும் சிதறும். அப்படித்தான் கொழுப்பும் ஈரலுக்கும் தசைக்கும் போய்ச் சேரும். பிறகு இன்சுலின் சொல்வதை அவை சரியாகக் கேட்காது. ரத்தத்தில் சர்க்கரை ஏறும். ஆகவே தேவைக்குப் புதுப் பத்தாயம் கட்டத் தெரிந்த உடம்புக்கு ஆபத்து குறைவு!

அந்தப் பத்தாயத்தைக் கட்டும் கொத்தனார் ஒரு புரதம். பெயர் பிபார் காமா. (நானும் நாலு தடவை சொல்லிப் பார்த்துத்தான் பழகினேன்.) அதன் ஜீன் 3-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. எல்லா செல்லிலும் இதே ஜீன்தான். அப்படியிருக்க கொழுப்பு செல்லுக்கு மட்டும் தனிக் கொத்தனார் எப்படி வந்தார்?

ஜீனில் இருந்து புரதம் நேராக வருவதில்லை. முதலில் ஆர்.என்.ஏ. என்ற நீள நகல் எடுக்கப்படும். அதில் வேண்டாத துண்டுகள் இடையிடையே கிடக்கும். செல் அவற்றை வெட்டிப் போட்டு, மீதியை ஒட்டும். தோவாளையில் வாங்கின பூச்சரத்தில் வாடின பாகத்தை நறுக்கிவிட்டு இரண்டு முனையையும் முடிச்சுப் போடுவோமே, அதே வேலைதான். இதற்கு ஸ்ப்ளைசிங் என்று பெயர். ஜீன் இப்படித் துண்டு துண்டாக இருப்பதை 1977-ல் கண்டதற்காக ரிச்சர்ட் ராபர்ட்ஸ், பிலிப் ஷார்ப் இருவருக்கும் 1993-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கொழுப்பு செல்லில் நகல் வேறு இடத்தில் தொடங்கி, முன்பக்கம் வேறு துண்டு ஒட்டப்படுகிறது. அதனால் அங்கே வரும் பிபார் காமா-2 புரதத்தில் 28 அமினோ அமிலங்கள் கூடுதல். 1994-ல் அமெரிக்காவில் புரூஸ் ஸ்பீகல்மேன் குழுவினர் எலியின் இந்த ஜீனை, கொழுப்பு செல்லே ஆகாத வேறு செல்களுக்குள் வைத்துப் பார்த்தார்கள். தகுந்த மருந்தும் கொடுத்ததும் அவை கொழுப்பு செல்லாக மாறிவிட்டன!

நம்மைத் தொடும் விஷயம் இனிதான். அந்த 28-க்குள் 12-ஆவது இடத்தில் பெரும்பாலோருக்கு புரோலின் இருக்கும். சிலருக்கு மட்டும் அலனின். அலனின் உள்ள வெள்ளைக்காரர்களுக்கு சுகர் குறைவாக வந்தது. நம்மவர்களுக்கு? சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர், சென்னையில் உள்ளவர்களையும் அமெரிக்காவின் டாலஸ் நகரத்தில் வாழும் தெற்காசியர்களையும் வெள்ளைக்காரர்களையும் ஒப்பிட்டு 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். வெள்ளைக்காரர்களுக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு நம்மவர்களுக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் போய் இருந்தாலும் இல்லை. அந்த ஒரு எழுத்தை நம்பி நாம் இருக்க முடியாது.

வெளியே பார்த்து உள்ளே இருப்பதைச் சொல்லவும் முடியாது. புனே டாக்டர் யாக்னிக், லண்டன் டாக்டர் யுட்கின் இருவரும் சேர்ந்து எடுத்த போட்டோ 2004-ல் லான்செட் இதழில் வந்தது. உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு (பி.எம்.ஐ.) இருவருக்கும் 22.3. ஆனால் உடம்புக் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம்! மற்ற நாட்டினருக்கு 25-ல் ஆரம்பிக்கும் அதிக எடைக் கணக்கை இந்திய டாக்டர்கள் நமக்கு 23 என்று வைத்திருப்பது இதனால்தான்.

30 வயது தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு வாங்காமல் சுகர் பார்க்கிறார்கள். "நான் ஒல்லிதானே, எனக்கு எதுக்கு?" என்று வீட்டில் யாராவது சொன்னால் அந்த இரண்டு டாக்டர்களின் போட்டோ கதையைச் சொல்லுங்கள்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி